மூன்று காலில் நின்ற தொட்டி

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கே வெயில் எங்கள் கோவில்பட்டித் திண்ணைமீது ஏறி உட்கார்ந்துவிட்டது. பத்திரிகையைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, பக்கத்துக் கிராமத்துச் சம்சாரி ஒருவர் வாசலில் வந்து நின்றார். முகத்தில் வழக்குக்கு வந்தவரின் களை.

"வாத்தியாரய்யா, உங்ககிட்டப் படிச்ச பையன் செஞ்சு கொடுத்த தொட்டி மூணு கால்லதான் நிக்குது. நாலாவது கால் தரையிலே பாவ மாட்டேங்குது. மாடு வாயை வச்சதும் ஒரு பக்கமாச் சாயுது. பாதித் தண்ணி மாட்டுக்கு, பாதித் தண்ணி மண்ணுக்கு" என்றார்.

அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. "நம் ஊர்ப் பையன் வீட்டிலேயே பைபர் தொட்டி செய்கிறான், சிமெண்டுத் தொட்டியைப்போல் வெடிப்பு விடாது, இரண்டு பேர் தூக்கி வேறிடத்தில் வைத்துவிடலாம்" என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தவன் நான்தான். சிபாரிசு செய்தவன் சாட்சிக் கூண்டிலும் ஏறத்தானே வேண்டும்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பையனுடைய வீட்டுப் புறக்கடையில் விற்காத தொட்டிகள் இரண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் எட்டடி நீளம், மூன்றடி அகலம். அடியில் நான்கு குட்டைக் கால்கள். சிமெண்டுத் தளத்தில் வைத்து ஒரு மூலையை அமுக்கிப் பார்த்தோம். இரண்டும் ஆடின, அதுவும் ஒரே மூலையில். விற்றுப்போன ஐந்தும் அப்படித்தான் என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. ஒரு தொட்டி ஆடினால் கைத்தவறு என்று சொல்லலாம். ஏழு தொட்டிகளும் ஒரே காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் குற்றம் அச்சில் இருக்கிறது. பையன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஏனெனில், அந்த அச்சுக்குத்தான் அவன் தன் சேமிப்பு முழுவதையும் செலவழித்திருந்தான்.

இந்தப் பைபர் என்பது என்ன என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கரிசல் வீடுகளில் தானியம் கொட்டி வைக்கும் குலுக்கையைப் பார்த்திருப்பீர்கள். மண்ணையும் வைக்கோலையும் சேர்த்து மிதித்துக் குழைத்து, நம் பாட்டிமார் வீட்டுக்குள்ளேயே ஆளுயரத்துக்கு எழுப்பிய பாண்டம் அது. வெறும் மண் காய்ந்தால் பிளக்கும். வெறும் வைக்கோல் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் தலைமுறை தாங்கும். பைபரும் அதே சங்கதிதான். வைக்கோலுக்குப் பதில் தலைமயிரினும் மெல்லிய கண்ணாடி இழை. மண்ணுக்குப் பதில் ரெசின் என்னும் தேன் போன்ற திரவம். இழையை விரிப்பாகப் பரப்பி, ரெசினை அதில் ஊற வைத்தால், சில மணி நேரத்தில் இறுகிவிடும். இறுகியதை மறுபடி உருக்க முடியாது. வெந்த இட்டிலியை மாவாக்க முடியுமா?

கண்ணாடி நூலைப் பெருவாரியாகச் செய்யும் வழி தற்செயலாகக் கிடைத்தது என்பார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் ஒரு கண்ணாடிக் கம்பெனியில், 1932-ஆம் வருஷம், டேல் கிளைஸ்ட் என்ற வாலிபர் உருகிய கண்ணாடியின்மேல் காற்றைப் பீச்சினார். அது மெல்லிய இழைகளாகப் பறந்தது. 1942-ல் அதே மாகாணத்தில் ரே கிரீன் என்பவர் இழையையும் ரெசினையும் சேர்த்துப் படகு கட்டினார். 1953-ல் 'கார்வெட்' என்ற மோட்டார் காருக்கு உடம்பே பைபரில் வந்தது. நம்மவர்களும் பின்தங்கிவிடவில்லை. இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் ராக்கெட்டுக்காக இவ்வகைக் கலப்புப் பொருள்களில் வேலை செய்தவர். ஏவுகணைக்கென்று செய்த இலேசான கலப்புப் பொருளைக்கொண்டு, ஹைதராபாத் வைத்தியர்களின் வேண்டுகோளின்பேரில், கால் சூம்பிய குழந்தைகளுக்கு நடை கருவி செய்து கொடுத்தார். மூன்று கிலோவுக்கு மேல் இருந்த இரும்புச் சட்டத்தின் இடத்தில் ஏறக்குறைய 300 கிராம் கருவி! தம் வேலைகளுள் தமக்கு அதிக ஆனந்தம் தந்தவற்றில் இதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

என் மாணாக்கன் ராக்கெட்டு வழியாக இத்தொழிலுக்கு வரவில்லை. படகு வழியாக வந்தான். நம் கடற்கரையில் பைபர் படகு புதிதல்ல. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆரம்பித்த வங்காள விரிகுடாத் திட்டத்தார், அலையடிக்கும் கரையில் இறங்கக்கூடிய பைபர் படகுகளை அமைத்துச் சோதித்தார்கள். ஆனால் ஊருக்கு ஊர் பட்டறை முளைத்தது 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப் பேரலைக்குப் பிறகுதான். கட்டுமரத்தையும் வள்ளத்தையும் இழந்தவர்களுக்கு, தர்மஸ்தாபனங்கள் வரிசையாகப் பைபர் படகுகளை வழங்கின. அவசரத்தில் கட்டிய படகுகளில் நல்லதும் இருந்தது, சொத்தையும் இருந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் பைபர் படகு கட்டும் முறையை விளக்கி 2009-ல் கைநூலே வெளியிட்டது. படகு கட்டுகிறவன் முதலில் கற்க வேண்டியது படகை அல்ல, அச்சை. நல்ல அச்சிலிருந்து எத்தனையோ படகுகள் எடுக்கலாம். கெட்ட அச்சிலிருந்தும் எடுக்கலாம், அதுதான் ஆபத்து.

பையன் தூத்துக்குடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தான். தகப்பனார் காலமானபின் தாயாருக்குத் துணையாக ஊர் திரும்பினான். அந்த அம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் கட்டை அடுக்கியவர். நம் பக்கத்தில் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்று சொல்லும் மரியாதை தீப்பெட்டிக்கு உண்டு! பதினான்கு வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆயிற்று. மலிவான லைட்டர்களின் போட்டி தாங்காமல் தொழில் முறையிட்டதன்பேரில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023-ல் சர்க்கார் தடுத்தார்கள். ஆகவே, மகன் வேறு தொழில் தொடங்கினான் என்பதில் அந்த அம்மாளுக்கு வருத்தமில்லை. புறக்கடையைத் தொழிற்சாலையாக விட்டுக் கொடுத்தார்.

அச்சு எப்படி உண்டாகிறது என்பதைப் பையன் எனக்குப் பொறுமையாக விளக்கினான். முதலில், எந்தப் பொருள் வேண்டுமோ அதே வடிவில் மரத்தாலும் பலகையாலும் ஒரு மாதிரி செய்ய வேண்டும். தொட்டியானால் கவிழ்த்து வைத்த தொட்டி. பக்கங்கள் நேர் செங்குத்தாக இருக்கக் கூடாது. வாய் அகன்று அடி குறுகிய சரிவு வேண்டும். இட்டிலித் தட்டின் குழி ஏன் சரிவாக இருக்கிறது? குழி செங்குத்தாக இருந்தால் இட்டிலி பிய்ந்துதான் வரும். பைபர் பிய்ந்துகூட வராது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வயிறு பருத்துக் கழுத்துச் சிறுத்த வடிவமானால், கொழுக்கட்டை அச்சைப்போல் இரண்டு பாதியாகச் செய்து, விளிம்பு வைத்து, போல்ட்டுப் போட்டு முடுக்க வேண்டும்.

மாதிரியின்மேல் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில்தான் பாதி ஆயுசு போகிறது. முரட்டுத் தாளில் தொடங்கி, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் நைஸ் தாள் வரையில் படிப்படியாக இறங்கி வரவேண்டும். மாதிரியில் ஒரு கீறல் இருந்தால் அச்சில் அது இருக்கும். அச்சில் இருந்தால் அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொன்றிலும் இருக்கும். முகம் தெரியும்படி பளபளப்பு ஏறிய பிறகு, மெழுகு. ஒரு தடவை அல்ல. புது மாதிரிக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றும் காய இடைவெளி விட்டு. அதற்குமேல் தண்ணீரில் கரையக்கூடிய மெல்லிய ஏடு ஒன்று பூசுவார்கள். இவ்வளவும் அச்சு மாதிரியைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று சொல்லாதிருப்பதற்காக.

பிறகு ஜெல்கோட் என்னும் கெட்டியான முகப்பூச்சு. அது மிக மெல்லியதாகப் போனால், மேலே வரும் ரெசின் அதைக் கரைத்து, முதலைத் தோலைப்போல் சுருக்கிவிடும். பூச்சு விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் மெல்லிய மேட் ஒன்று போட்டு, ரெசின் ஊட்டி, உருளையால் காற்றுக் குமிழியை எல்லாம் நசுக்கி விரட்ட வேண்டும். ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ ரெசின் பிடிக்கும். அது இறுகிய பிறகு கனமான மேட்டுகள். ஒரு நாளைக்கு ஓரிரண்டு அடுக்கு. பொருளைவிட அச்சு இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்க வேண்டும். சோம்பேறித்தனத்தினாலோ அவசரத்தினாலோ எல்லா அடுக்கையும் ஒரே நாளில் போட்டால், ரெசின் இறுகும்போது பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் அச்சு சுருங்கிக் கோணிக்கொள்ளும். கடைசியில் முதுகுக்குச் சட்டம் வைத்து, ஒரு வாரமாவது மாதிரியின்மேலேயே விட்டு வைத்து, மர ஆப்பு வைத்து மெல்ல மெல்லப் பிரிக்க வேண்டும். கடப்பாரை வைத்து நெம்பினவன் அடுத்த அச்சுக்குப் பணம் தேட வேண்டும்.

எங்கள் ஊர் வெயிலுக்கு இன்னொரு சங்கடம். 100 கிராம் ரெசினுக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் கேட்டலிஸ்ட் என்பது கணக்கு. கடற்கரையில் அரை மணி நேரம் வேலை செய்யக் கிடைக்கும் ரெசின், இங்கே பங்குனி வெயிலில் தூரிகையை வாளியில் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கெட்டியாகும். வெயில் தானே வேலை செய்கிறதென்று கேட்டலிஸ்டை ஒன்றுக்குக் கீழே குறைத்தால் அச்சு முழுக்க வேகாமல் பச்சையாகவே நின்றுவிடும். ஆகையால் விடியற்காலம்தான் வேலை நேரம்.

இவ்வளவு சிரத்தையோடு செய்த அச்சு எப்படிக் கோணிற்று? பையன் தன் கையைச் சந்தேகித்தான். நான் ரெசினைச் சந்தேகித்தேன். விடையைச் சொன்னவர் தொட்டிக்கு வழக்காட வந்த சம்சாரிதான். புறக்கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரிச் சட்டத்தை எப்போ நட்டே?" என்று கேட்டார். "புரட்டாசியிலே." "பைபர் போட்டது?" "மார்கழியிலே." அவர் சிரித்தார். "நடுவிலே மழை பெஞ்சுதா இல்லியா? கரிசல் மண்ணு சும்மா கிடக்குமா?"

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கரிசல் மண் கோடையில் கை நுழையும்படி பிளக்கும். மழை குடித்தால் மாவு பொங்குவதுபோல் பொங்கும். ஆழமில்லாத கடைகாலை நம்பி எழுந்த சுவர்கள் கீறல் விடுவதை நம் ஊரில் பார்க்காதவர் யார்? மாதிரியின் சட்டம் நின்ற நாலு மூலைகளில் மூன்று பழைய சிமெண்டுத் தளத்தின்மேல் இருந்தன. நாலாவது வெறும் மண்ணில். ஐப்பசி மழையில் அந்த மூலை விரற்கடை அளவு மேலே எழும்பி, சட்டத்தை முறுக்கிவிட்டிருக்கிறது. புரட்டாசியில் இரசமட்டம் வைத்துப் பார்த்தவன் மார்கழியில் மறுபடி வைத்துப் பார்க்கவில்லை. கோணலின்மேல் அச்சு எடுத்தான். அச்சு அந்தக் கோணலை மிக விசுவாசமாகக் காப்பாற்றிற்று.

அச்சு போனது பணத்தோடு போயிற்று. இதைவிடப் பெரிய நஷ்டம் அதற்கடுத்த மாதம் வரவிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

இரண்டாவது அச்சுக்கு ஜெல்கோட் பூசும் நாள். நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பையன் கேட்டலிஸ்ட் புட்டியைத் திறந்து, சோடா மூடியில் அளந்து ஊற்றினான். கைக்கு உறை இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. மூடி வழுக்கிற்று. ஒரு சொட்டு, ஒரே சொட்டு, இடது கண்ணில் தெறித்தது. அவன் துண்டை எடுத்துத் துடைக்கப் போனான். நான், இருபது வருஷமாக ரசாயனம் கற்பிக்கும் மனிதன், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

சமையலறையிலிருந்து தாயார் ஓடி வந்தார். மகனின் பின்கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார்த்தி, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் திறந்து விட்டார். "போதும்மா, எரிச்சல் நின்னுட்டு" என்று அவன் திமிறினான். "ஏலே, அசையாதே! நின்னுட்டா இல்லியான்னு டாக்டரு சொல்லட்டும்" என்று கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிய பிறகுதான் விட்டார். நேரே கண் வைத்தியரிடம் போனோம். இன்னும் சிறிது நேரம் கழித்துக் கழுவியிருந்தால் பார்வைக்கு உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது என்றார் வைத்தியர். இரண்டு வாரம் கட்டோடு இருந்தான். கண் பிழைத்தது.

எனக்குத்தான் பல நாள் உறக்கமில்லை. இவனுக்குப் பத்தாம் வகுப்பில் கிரியா ஊக்கி என்றால் என்ன என்று மனப்பாடம் செய்வித்தவன் நான். தான் மாறாமல் வினையை விரைவுபடுத்துவது என்று இலக்கணம் சொன்னேன், மார்க்கும் போட்டேன். இந்தத் தொழிலில் கேட்டலிஸ்ட் என்று அழைக்கப்படுவது அந்த இலக்கணத்துக்கே பொருந்தாது. அது வினையில் தானும் அழிந்துபோகும் ஒரு பெராக்சைடு. பெயர் சாதுவாக இருக்கிறதென்று பையன் அதைச் சோடா மூடியில் அளந்தான்.

தாயார் வேறு ஒன்றையும் அன்று கண்டுபிடித்தார். கேட்டலிஸ்ட் ஒரு புட்டியில். ரெசினைத் தூண்டுவதற்கு முதலில் கலக்கும் ஊதா நிறமான கோபால்ட் மருந்து இன்னொரு புட்டியில். இரண்டும் ஒரே தட்டில் தோளோடு தோள் உரசி நின்றன. "இது ரெண்டும் நேராச் சேர்ந்தா என்னலே ஆகும்?" என்று கேட்டார். பையன் தயங்கி, "தீப்பிடிக்கும்மா; வெடிக்கவும் செய்யும். அதனாலே கோபால்ட்டை முதல்லே ரெசின்லே நல்லாக் கலக்கிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்டு ஊத்தணும்" என்றான்.

"குச்சி மருந்தையும் பெட்டி மருந்தையும் ஒரே மேசையிலே வைப்பாகளாலே?" என்றார் அந்த அம்மாள்.

நேயர்களே, தீப்பெட்டியின் ரகசியம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. குச்சி முனையில் இருப்பது குளோரேட். பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். பிரித்து வைத்தால் இரண்டும் சாது. சேர்த்து அரைத்தால் கை போய்விடும். இதை நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தேன். அந்த அம்மாளோ அதனோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர். அன்றே கோபால்ட் புட்டி கொட்டகையின் தெற்கு மூலைக்கும், கேட்டலிஸ்ட் வடக்கு மூலையில் வெயில் படாத பெட்டிக்கும் போயின. இரண்டுக்கும் தனித்தனி அளவைக் குப்பிகள். ஒன்றின் கரண்டி மற்றதில் நுழையக் கூடாது.

கொட்டகை என்றேனே, அதுவும் அவர் உத்தரவுதான். ரெசினில் ஸ்டைரீன் என்னும் ஆவியாகும் திரவம் கலந்திருக்கிறது. அந்த வாடைதான் பட்டறை வாடை. சுமார் 31 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்திலேயே, பக்கத்தில் நெருப்பிருந்தால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது ஆவி விடும். கோவில்பட்டியில் நடுப்பகல் அந்த உஷ்ணத்தைத் தாண்டாத நாள் கோடையில் ஏது? அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழும். அதாவது, அடுப்பு எரியும் மட்டத்தில். பாயில் குழந்தை தூங்கும் மட்டத்தில். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 2018-ல் ஸ்டைரீனை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகுப்பில் சேர்த்திருக்கிறது. மூக்கில் கட்டும் துண்டு தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிச் சில்லு வைத்த முகமூடி வேண்டும். மிஞ்சிய ரெசினை வாளியில் விட்டுப் போனாலோ, அது தனக்குத் தானே கொதித்துப் புகையும். வீட்டிலேயே செய்யும் தொழில் என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேனே, அந்த 'வீட்டிலேயே' என்ற வார்த்தையை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஊருக்கு வெளியே, நாலு பக்கமும் காற்றோட்டமாக, தகரம் வேய்ந்த கொட்டகை. ஓலைக் கூரை கூடாது. பக்கத்தில் அடுப்பு கூடாது. தண்ணீர்க் குழாய் கட்டாயம் வேண்டும்.

பையன் கடன் வாங்கிக் கொட்டகை போட்டான். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, சரளை கொட்டித் திமிசு போட்டு, அதன்மேல் தளம் அமைத்தான். மாதிரியின்மேல் மெழுகு பூசும் அன்று காலையிலும் இரசமட்டம் வைத்துப் பார்த்தான். கண்ணில் மூக்குக்கண்ணாடியைவிடப் பெரிய கண்ணாடி, கையில் உறை. அச்சு ஆவணியில் பிரிந்து வந்தது. அதைக் குனிந்து பார்த்தேன். என் முகமும், பின்னாலிருந்த தகரக் கூரையும் அதில் கோணாமல் தெரிந்தன.

ஆடிய ஐந்து தொட்டிகளுக்கும் பதில் தொட்டி கொடுப்பது என்று தீர்மானித்திருந்தான். முதல் தொட்டி அந்தச் சம்சாரிக்கு. கொட்டகைத் தளத்தில் வைத்து நாலு மூலையிலும் ஏறி நின்றே பார்த்தோம், அசையவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர் தொழுவத்தில் இறக்கினோம். தண்ணீர் ஊற்றினார், மாடு வாயை வைத்தது, தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பையன் முகம் வெளுத்துவிட்டது. சம்சாரி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்.

"தொட்டி சரியாத்தான் இருக்கு, தம்பி. தொழுவந்தான் மட்டமில்லே. கரிசல்லே எந்தத் தொழுவம் மட்டமா இருக்கும்?"

பையன் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், முக்காலி எங்கே போட்டாலும் ஆடாதுன்னு கிளாஸ்லே சொன்னீங்களே. அடுத்த அச்சை மூணு காலாவே போட்டுறட்டுமா?" என்று கேட்டான்.